வரவுப் பக்கத்தை முதலில் பாருங்கள்

உள்ளூராட்சிச் சபைகளின் வரவு செலவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரதேச சபைக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி 2022 டிசம்பர் 31ஆம் திகதி ஓய்வுபெற்ற எமது பத்தியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் முதல் தடவையாகப் பிரதேச சபைக்குத் தெரிவானேன். பாதீட்டுக் கூட்டத்துக்கு அழைத்து ஒரு கட்டுத் தாளைக் கையில் தந்தார்கள். வரவும் செலவும் பொருந்தி, முடிவில் சிறிய மிகையும் காட்டியிருக்கிறது. எனக்கு எல்லாம் சரியாகவே தெரிகிறது. 2022 நெருக்கடி போல ஒரு காலம் மறுபடி வந்தால் இந்தப் பாதீடு தாக்குப்பிடிக்குமா என்பதை எப்படி அறிவது? (படுவான்கரை வாசகர்)

பதில்: தம்பி, மிகை காட்டாத பாதீடு ஒன்றை என் சேவைக் காலத்தில் நான் கண்டதில்லை. செலவு வரவுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. அடங்காவிட்டால் அடங்கும்வரை திருத்துவார்கள். செலவைக் குறைத்தால் ஓர் உறுப்பினரின் கிரவல் வீதி போய்விடும், இன்னொருவரின் மயான மதில் போய்விடும். எவருக்கும் மனம் வராது. ஆகவே திருத்துவது வரவைத்தான். வரவுப் பக்கத்தில் ஒரு தொகையைக் கூட்டி எழுதினால் எந்த உறுப்பினரும் எழுந்து நின்று கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

வரவுப் பக்கத்தில் மூன்று தொகைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்: சென்ற ஆண்டுக்கு மதிப்பிட்டது, சென்ற ஆண்டு உண்மையில் கைக்கு வந்தது, வரும் ஆண்டுக்கு மதிப்பிடுவது. நடுவிலுள்ள தொகைதான் நடந்தது. மற்ற இரண்டும் ஆசை. குறிப்பாகச் சோலைவரி (வீடு, வளவு மீதான ஆண்டு வரி) நிலுவை என்ற வரிசையில் நின்று நிதானமாகப் பாருங்கள். பல ஆண்டுகளாகக் கிடக்கும் நிலுவையின் பெரும்பகுதி வரும் ஆண்டில் வந்துவிடும் என்று எழுதியிருப்பார்கள். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில், வளவு பற்றை மண்டிக் கிடக்கிறது. அந்த நிலுவையை யார் வந்து கட்டப் போகிறார்கள்? அது ஏட்டில் இருக்க வேண்டிய கணக்குத்தான், அழித்துவிடச் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பித் தொழிலாளியின் சம்பளத்தை எழுதக்கூடாது.

நான் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். நடப்பு வரிக்குச் சென்ற ஆண்டு உண்மையில் வசூலான தொகை. நிலுவைக்கும் அப்படியே. சந்தை, இறைச்சிக்கடை, படகுத்துறைக் குத்தகைகளுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்தான தொகை மட்டும். சென்ற ஆண்டைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. முத்திரைத் தீர்வை என்பது எங்கள் எல்லைக்குள் காணி கைமாறும்போது அறவிடப்படுவது, முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். அது மாகாண சபை வழியாகச் சுற்றித்தான் எங்களிடம் வருகிறது. வர வேண்டியது எவ்வளவு என்று பார்க்காமல், ஓர் ஆண்டில் வந்து சேர்வது எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். நன்கொடைகளுக்குக் கடிதம் கையில் இருந்தால் தொகை, இல்லையென்றால் சுழியம். இப்படி எழுதினால் வரவு சுருங்கிப் போகும். அந்தச் சுருங்கிய வரவுக்குள் செலவை அடக்குங்கள். கசக்கும். ஆனால் அந்தக் கசப்பை நவம்பரில் பொறுத்துக்கொண்டால் ஜூனில் தொழிலாளிக்குச் சம்பளம் இருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2022ஐ நான் மேசையிலிருந்தே பார்த்தவன். 2021 நவம்பரில் 2022க்கான பாதீட்டை எழுதும்போது டீசல் லீற்றர் 111 ரூபா. டிசம்பர் கடைசியில் 121 ஆனது. மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே 24இல் 400, ஜூன் 26இல் 460. குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் ஒன்றுக்கு மாதம் 250 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதீட்டை எழுதிய விலையில் 27,750 ரூபா. ஜூன் கடைசியில் அதே ஓட்டத்துக்கு 115,000 ரூபா. ஒரு வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு. டயருக்கு விலைமனு கேட்டால், ஒரு வாரத்துக்கு மேல் அந்த விலையில் நிற்க முடியாது என்று கடைக்காரர் எழுதித் தந்தார். எங்கள் கொள்முதல் நடைமுறையோ ஒரு வாரத்தில் முடிகிறதல்ல. கடைசியில் ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். குப்பைப் பெட்டியை அவிழ்த்துவிட்டு, உழவு இயந்திரத்தின் தலையை மட்டும் எரிபொருள் நிலைய வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினோம். சாரதி இரவில் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுத்தார். அந்தப் பெட்டி சபை வளவில் நின்று நாற்றமெடுத்தபோது வெளியே கேள்வி கேட்டவர்களுக்கு, பாதீட்டில் டீசலுக்கு ஒதுக்கீடு இருக்கிறது என்று நாம் பதில் சொல்லியிருக்க முடியுமா?

அப்போதுதான் பலரும் ஒன்றை உணர்ந்தார்கள். பாதீட்டில் ஒதுக்கீடு இருப்பது வேறு, வங்கியில் காசு இருப்பது வேறு. ஆகவே பாதீட்டோடு சேர்த்து மாதவாரிக் காசோட்டத் தாள் ஒன்றைக் கேளுங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் உள்ளே வரும் காசு, வெளியே போகும் காசு, மாத முடிவில் கையிருப்பு. இவ்வளவுதான், ஒரு தாளில் அடங்கும். அதைப் போட்டதும் எங்கள் பக்கத்துச் சபைகளின் முகம் தெரிந்துவிடும். ஜனவரி 31க்கு முன்னர் முழு ஆண்டு வரியையும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. கடைக்காரரும் அரச ஊழியரும் அந்தக் கழிவுக்காக வந்து கட்டுவார்கள். படுவான்கரை (வாவிக்கு மேற்கே உள்ள வயற்பகுதி) விவசாயிக்கு ஜனவரியில் கையில் காசில்லை. பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல் விற்றால்தான் காசு, அது பெப்ரவரி, மார்ச். அதற்குப் பின்னர் சிறுபோகம் முடியும்வரை வரண்ட மாதங்கள். அதே மாதங்களில்தான் கிணறுகள் வற்றித் தண்ணீர்ப் பவுசர் ஊர் ஊராக ஓட வேண்டும், கதிர்காமப் பாதயாத்திரைக்காரருக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், ஆலயத் திருவிழாக்களுக்குத் துப்புரவு செய்ய வேண்டும். வரவு குறையும் மாதமும் செலவு கூடும் மாதமும் ஒன்றாக விழுகின்றன. ஆண்டு மொத்தத்தை மட்டும் காட்டும் பாதீட்டில் இது தெரியவே தெரியாது.

இது தெரிந்தால் வேலையும் மாறும். ஜனவரியில் வருமானப் பரிசோதகரைக் கடைத்தெருவிலும் அரச ஊழியர் குடியிருக்கும் பகுதிகளிலும் நடக்கவிடுங்கள். வெள்ளாமைக் கிராமங்களுக்கு நெல் விற்ற கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடமாடும் அறவீட்டை வையுங்கள். பொது மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால் கட்டக் கூடியவர்கள் வந்து கட்டுவார்கள். 2021 மே மாதத்து இரசாயன உரத் தடைக்குப் பிறகு விளைச்சல் சரிந்த கிராமங்களில் அதுகூட நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயல் விளையாத ஆண்டில் பிடியாணைக் கட்டணத்தையும் சேர்த்து எழுதி அனுப்புவதால் காசு வராது, பகைதான் வரும்.

இன்னொன்று. மூலதன வேலைகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: காசு கையில் இருப்பதால் தொடங்குவது, காசு வந்தால் தொடங்குவது. இரண்டாவது பட்டியலில் உள்ள எதற்கும் ஜூன் மாதக் கையிருப்பைப் பார்க்காமல் கேள்வி (டெண்டர்) கோரக்கூடாது என்று பிரேரணையிலேயே எழுதுங்கள். உங்கள் சொந்த வட்டாரத்து வீதியை அந்த இரண்டாவது பட்டியலில் போட நீங்களே முதலில் முன்வந்தால், மற்ற உறுப்பினர்கள் மறுப்பது கடினம்.

கேள்வி: ஐயா, என் அப்பா ஒரு சபையில் அமைய (நிரந்தரமற்ற) அடிப்படையில் சுகாதாரத் தொழிலாளி. நெருக்கடிக் காலத்தில் பல தடவை சம்பளம் பிந்தியது. நிரந்தர ஊழியர்களுக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. ஒரே சபையில் இது எப்படி? (அம்பாறை மாவட்டம், பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: மகள், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் பேனாவைத் தொடவில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் உள்ள நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்கு மாகாண சபை வழியாகத் திறைசேரிப் பணம் வருகிறது. அமைய ஊழியருக்கு அப்படி எதுவும் வருவதில்லை. அவரது சம்பளம் சபையின் சொந்த வருமானத்திலிருந்து. சொந்த வருமானம் சரிந்தால் முதலில் அடிபடுகிறவர் அவர்தான். அதாவது ஊரில் மிகக் கடினமான வேலையைச் செய்கிறவரின் கூலி, சபையிலேயே மிகவும் ஆட்டங்காணும் காசில் தங்கியிருக்கிறது. இது நியாயமில்லை. சட்டம் இப்படி இருக்கிறது என்பதற்காக நான் இதை நியாயமென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இதில் சபைக்கு எதுவும் செய்ய முடியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். மாதக் கடைசியில் மேசையில் வவுச்சர்கள் அடுக்காகக் கிடக்கும். ஒப்பந்தக்காரரின் பட்டியல், மண்டபத்துக்கு நாற்காலி வாங்கிய பட்டியல், விழாவுக்குப் பந்தல் போட்ட பட்டியல், அமைய ஊழியர் சம்பளப் பட்டியல். எல்லாவற்றுக்கும் காசு போதாது. எது மேலே இருக்க வேண்டும் என்பதை ஒரு மனிதர்தான் தீர்மானிக்கிறார். ஒப்பந்தக்காரர் தவிசாளரின் அறைக்கு நேரே போய்ப் பேசக் கூடியவர். உங்கள் அப்பா வாசலில் நிற்பவர். அதனால் வரிசையைத் தனிமனிதரின் கையில் விடாமல் சபைத் தீர்மானமாக எழுதிவைக்க வேண்டும்: முதலில் அமைய ஊழியர் சம்பளம், பிறகு குப்பை வண்டிக்கும் பவுசருக்கும் டீசல், பிறகு மின், நீர்க் கட்டணங்கள், அதன் பின்னர்தான் மற்றவை. இப்படி ஒரு தீர்மானத்தை முன்மொழியும்படி உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.

முடிந்தால் ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கவும் கேளுங்கள். நல்ல மாதத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் ஓராண்டில் சேர்ந்துவிடும்.

அப்பாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். வேலைநாள் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே அன்றன்றே குறிப்பு விழுகிறதா என்று அவர் தாமே பார்க்க வேண்டும். பிந்திய சம்பளம் எப்படியும் வரும். பதியாத நாளுக்கு ஒருபோதும் வராது.

கேள்வி: பணமில்லை என்று சொல்லித் தெருவிளக்குகளைத் திருத்தாமல் விடுகிறார்கள். சிக்கனம் செய்ய முதலில் விளக்கை அணைப்பது சரிதானே என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். உங்கள் கருத்து? (வெல்லாவெளி வாசகர்)

பதில்: உங்கள் நண்பர் எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரப் பகுதியில்) இருப்பவராக இருக்கலாம். கடற்கரைப் பெருந்தெருவில் கடை விளக்கும் வீட்டு விளக்கும் போதிய வெளிச்சம் தருகின்றன. அங்கே ஒன்றுவிட்டு ஒரு விளக்கை அணைத்தால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. வெல்லாவெளி, வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கங்களில் தெருவிளக்கு என்பது யானைக்கான காவல். இருட்டில் சைக்கிளில் வருகிறவர் யானையைக் கிட்ட வந்த பிறகுதான் காண்கிறார். அந்தப் பகுதியில் ஒரு விளக்கை மூன்று மாதம் திருத்தாமல் விடுவதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்காளரும் எழுதக்கூடாது.

2022இல் ரூபாவின் பெறுமதி டொலருக்கு ஏறத்தாழ 200இலிருந்து 360 வரை சரிந்தபோது, இறக்குமதியாகும் எல்ஈடி விளக்குகளின் விலையும் அப்படியே ஏறியது. புதிதாக வாங்க வழியில்லை. அப்போது செய்யக் கூடியது ஒன்றுதான்: வெளிச்சம் மிகுந்த இடத்து விளக்கைக் கழற்றி, யானை வரும் பாதையில் பொருத்துவது. கழற்றிய இடத்தில் ஏச்சு வரும். சபைக்கு வந்து ஏசட்டும், வரட்டும். உங்கள் ஊரில் யானை இறங்கும் பாதைகள் எவை, எந்தக் கம்பங்கள் எரியவில்லை என்று கம்ப இலக்கங்களோடு ஒரு பட்டியல் எழுதி, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். பொதுவாக "விளக்கு எரியவில்லை" என்ற முறைப்பாடு கோப்பில் தூங்கும். இலக்கம் போட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மின் ஊழியர் வண்டியில் ஏறிவிடலாம்.

கேள்வி: சபைகள் எப்போதும் காசில்லை என்கின்றன. ஆனால் எங்கள் பகுதியில் பெரிய கடைகளும் வங்கிக் கிளைகளும் பெருகிவிட்டன. அவர்களிடம் கூடுதலாக வரி அறவிடத் தடை என்ன? (ஆசிரியர், திருக்கோவில்)

பதில்: தடை சட்டத்திலேயே இருக்கிறது, ஆசிரியரே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அனுமதிப்பத்திரம் பெற வேண்டிய தொழில்களுக்கு, இடத்தின் ஆண்டுப் பெறுமதி (ஆண்டு வாடகை மதிப்பு) 1,500 ரூபாவைத் தாண்டினால் கட்டணம் 1,000 ரூபா. அதுதான் உச்சம். அனுமதிப்பத்திரம் தேவைப்படாத வியாபாரங்களுக்கு வியாபார வரி. முந்திய ஆண்டு வருமானம் 150,000 ரூபாவைத் தாண்டினால் 3,000 ரூபா. அதற்கு மேல் படியே இல்லை. ஆண்டுக்கு இரண்டு இலட்சம் உழைக்கும் சிறு தொழிலாளரும் கோடிக்கணக்கில் புரளும் கிளையும் கட்டுவது அதே 3,000. சட்டம் வந்தபோது அந்தத் தொகைகளுக்குப் பெறுமதி இருந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்ட பிறகும் அவை அசையவில்லை.

சுற்றுலாச் சபையில் பதிவுபெற்ற ஹோட்டல்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றிடம் முந்திய ஆண்டு வருமானத்தில் 1 வீதம் வரை அறவிடலாம். அதனால் அறுகம்பே உள்ள பொத்துவிலுக்கும் பாசிக்குடா உள்ள வாழைச்சேனைப் பக்கத்துக்கும் மற்றச் சபைகளுக்கு இல்லாத ஒரு வழி உண்டு. ஆனால் 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், கொரோனாக் காலத்திலும், 2022இலும் விருந்தினர் வராமல் போனபோது முதலில் வற்றியதும் அந்த வழிதான். ஒரே ஊற்றை நம்பும் சபைக்கு நான் எப்போதும் பயப்படுவேன்.

இந்த உச்சங்களைச் சபை தானாக மாற்ற முடியாது. சட்டம் மாற வேண்டும். அதற்காக உள்ளூராட்சி உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஒன்றுகூடிக் குரல் கொடுப்பதைக் காண நான் ஆசைப்படுகிறேன். அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. பட்டியலில் இல்லாத வியாபாரங்கள் எங்கும் உண்டு. தொலைபேசிக் கோபுரம் நிற்கும் வளவு, தனியார் வகுப்பு நிலையம், வீட்டு முன்னறையில் நடக்கும் அழகுக்கலை நிலையம், பெருவீதியோரத்து விளம்பரப் பலகைகள். இரண்டு உத்தியோகத்தர்கள் ஒரு மாதம் வீதி வீதியாக நடந்து எழுதினால் பட்டியல் கணிசமாக நீளும். வரியை உயர்த்துவதைவிட, கட்டாதவரைக் கட்டவைப்பது கட்டுகிறவருக்குச் செய்யும் நியாயமும் ஆகும்.

சோலைவரிக்கான மறுமதிப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். விலைமதிப்பீட்டுத் திணைக்களத்தைக் கொண்டு அதை ஒழுங்காகச் செய்விக்காமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு, நெருக்கடி வந்ததும் ஒரேயடியாகச் செய்யப் போனால் வீட்டுக்காரர் திகைத்துப் போவார். நல்ல ஆண்டில் செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: சபைச் சந்தையில் கடை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வியாபாரம் படுத்துவிட்டது. வாடகையை ஒரு வருடத்துக்குத் தள்ளுபடி செய்யக் கேட்கலாமா? (கடைக்காரர், மட்டக்களப்பு மாவட்டம்)

பதில்: கேட்கலாம். ஆனால் கிடைக்காது. தனக்கு வர வேண்டிய பணத்தைச் சபை தன் விருப்பப்படி விட்டுக்கொடுத்தால் நாளை கணக்காய்வாளர் அதைத் தவிசாளரிடமும் செயலாளரிடமும் கேட்பார். தள்ளுபடியைக் கேட்டு மறுக்கப்பட்டு ஆறு மாதம் கட்டாமல் இருப்பதுதான் பலர் செய்வது. பிறகு நிலுவை மலையாகி, கடைக்கு முத்திரை வைக்க வருவார்கள். தவணை கேளுங்கள், சகோதரரே. இந்த மாதம் முதல் முழு வாடகையில் பாதி, மீதிப் பாதி நிலுவையாகப் பதிவு, வியாபாரம் கூடும் சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, பெருநாள் மாதங்களில் நிலுவையைத் தீர்ப்பது என்று திகதி போட்டு எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாமல் சந்தைக் கடைக்காரர் எல்லோரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டுப் போங்கள். சபைக்கும் அது நல்லது. பூட்டிய கடையிலிருந்து வாடகை வராது, மறுபடி கேள்வி கோரினால் இந்தக் காலத்தில் பழைய விலைக்கு எவரும் எடுக்கவும் மாட்டார்.

கேள்வி: செலவைக் குறைக்க எங்கள் பொது நூலகத்தை வாரத்தில் மூன்று நாள் மட்டும் திறக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். (உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி)

பதில்: பேச்சாகவே இருந்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன், பிள்ளை. நூலகத்துக்கான செலவில் பெரும்பகுதி நூலகரின் சம்பளம். அவர் நிரந்தர ஊழியர் என்றால், நூலகத்தைப் பூட்டினாலும் அது போய்க்கொண்டுதான் இருக்கும். மிஞ்சுவது பத்திரிகைக் காசும் மின்கட்டணமும். அந்தச் சிறு தொகைக்காக, வீட்டில் மேசை இல்லாத பிள்ளைகள் படிக்கும் ஒரே இடத்தைப் பூட்டுவதா? மின்கட்டணம்தான் பிரச்சினை என்றால் மாலை ஆறு மணிக்கு மூடுங்கள் என்று சொல்லலாம். பத்திரிகைகளைப் பழைய மாணவர் சங்கம் பொறுப்பேற்கலாம். நீங்களும் உங்கள் தோழிகளும் வருகைப் பதிவேட்டில் தவறாமல் கையெழுத்திடுங்கள். பாதீட்டுக் கூட்டத்தில் நூலகத்துக்காகப் பேசுகிறவரின் கையில் இருக்கக் கூடிய ஒரே ஆயுதம் அந்தப் பதிவேடு.

கேள்வி: எங்கள் சபைக்கு வங்கியில் நிலையான வைப்பு இருக்கிறதாம். வீதியெல்லாம் குழியாகக் கிடக்க, வட்டிக்குப் பணம் போட்டு வைப்பது ஏன்? (வாசகர், செங்கலடி)

பதில்: முதலில் அந்தப் பணம் யாருடையது என்று கேளுங்கள். வைப்பில் இருக்கும் தொகையில் ஒப்பந்தக்காரரிடம் பிடித்து வைத்த தடுப்புப் பணம் இருக்கலாம், கடை வாடகைக்காரரின் பிணைப் பணம் இருக்கலாம். அவை திருப்பிக் கொடுக்க வேண்டியவை. அவற்றை எடுத்து வீதி போட்டால் அது விதைநெல்லை அவித்துத் தின்பது போன்றது. அவற்றைக் கழித்த பின் மிஞ்சுவதே சபையின் பணம். அதில் ஒரு பகுதி அவசரத்துக்கு இருக்கத்தான் வேண்டும். 2022 இறுதியில் வைப்பு வட்டி 20 வீதத்தைத் தாண்டியபோது வைப்பு வைத்திருந்த சபைகள் அந்த வட்டியால் டீசல் வாங்கின. அதே நாட்களில் கடன் வாங்கி வீதி போட முனைந்திருந்தால் அதன் வட்டி சபையை முறித்திருக்கும். ஆனால் அளவுக்கு மேல் சேர்த்து வைத்துக்கொண்டு, நல்ல ஆண்டிலும் குழியை மூடாமல் இருப்பதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எத்தனை மாதச் செலவுக்குச் சமமான தொகை கையிருப்பில் இருக்க வேண்டும் என்று சபை ஒரு வரம்பைத் தீர்மானிக்கட்டும். மேலதிகமானது வீதிக்குப் போகட்டும்.

கேள்வி: குப்பை அகற்றுவதில் மிச்சம் பிடிக்க வழி உண்டா? (காரைதீவு வாசகி)

பதில்: உண்டு, ஆனால் ஊருக்கு ஊர் வேறு. வளவு பெரிதாக உள்ள கிராமங்களில் சமையலறைக் கழிவை வீட்டிலேயே குழி தோண்டிப் பசளையாக்கச் சொல்லலாம். வண்டி வாரம் ஒருமுறை உலர்ந்த குப்பைக்கு மட்டும் போனால் போதும். காத்தான்குடி, கல்முனை போல வீடுகள் ஒட்டி நிற்கும் ஊர்களில் குழி தோண்ட இடமேது? அங்கே ஓட்டத்தைக் குறைத்தால் குப்பை வடிகானுக்குள் போகும், பின்னர் டெங்கு வரும், அந்தச் செலவு இன்னும் பெரிது. அங்கே மிச்சம் பிடிக்க வேண்டியது தரம் பிரிப்பதில். பிரித்த பிளாஸ்டிக்கும் காட்போட்டும் விற்கலாம். மீன் சந்தைக் கழிவும் இலைக்கழிவும் கலந்த பசளைக்கு வாங்குவோர் இருக்கிறார்கள். பிரிக்காமல் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன ஆகும் என்பதை அம்பாறை மாவட்டத்துக் குப்பைமேடுகளில் பொலித்தீன் தின்று செத்த யானைகள் நாடறியக் காட்டிவிட்டன.

கேள்வி: இவ்வளவையும் கேட்க ஒரு சாதாரண குடிமகனுக்கு உரிமை இருக்கிறதா? பாதீட்டை எங்கே பார்ப்பது? (வாசகர், ஆரையம்பதி)

பதில்: முழு உரிமையும் இருக்கிறது. பாதீடு சபையில் நிறைவேறுமுன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சபை அலுவலகத்துக்குப் போய் வரைவைக் காட்டும்படி கேளுங்கள். காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "பாதீடு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். நூறு பக்கத்தை நீட்டிவிடுவார்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் மதிப்பிட்ட வரவும் உண்மை வரவும் வருமானத் தலைப்பு வாரியாக, கடந்த டிசம்பர் 31இல் செலுத்தாமல் நிலுவையில் இருந்த பட்டியல்களின் மொத்தம், அமைய ஊழியர் எண்ணிக்கையும் மாதச் சம்பளத் தொகையும் என்று இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வந்ததும் அதன் பிரதியை இந்தப் பத்திக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அதை வரி வரியாக எடுத்துப் பார்ப்போம்.